பிழை அந்த வரியில் இல்லை

கெர்னலின் சேமிப்புப் பகுதியில் ஒரு நினைவகப் பிழை பிடிபட்டு, அதற்குப் பேட்சும் வந்துவிட்டால், பலரும் முதலில் பார்ப்பது பேட்சின் நீளத்தைத்தான். இரண்டே வரி என்றால் ஓர் இளக்காரம் வந்துவிடுகிறது. யாரோ ஒருவர் ஒரு மதிப்பை எழுத மறந்திருக்கிறார், இப்போது எழுதிவிட்டார்கள், கதை முடிந்தது என்கிறார்கள். இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு முழுக் கொள்கையே இருக்கிறது. நினைவகப் பிழை என்பது தனியொருவரின் கவனக்குறைவு, அது ஒரு குறிப்பிட்ட வரியில் குடியிருக்கிறது, அந்த வரியைத் திருத்தினால் பிழையும் போய்விடும், கவனம் பிசக விடாத மொழி ஒன்று கைக்கு வந்தால் இந்த இனமே அற்றுப்போகும் என்பது அந்தக் கொள்கை. மேலாளர்களுக்கு இது வசதி, ஏனென்றால் பட்டியலில் 'சரிசெய்யப்பட்டது' என்று குறித்துவிடலாம். செய்தி எழுதுகிறவர்களுக்கும் வசதி, குற்றவாளி வரியைப் படம்பிடித்துப் போடலாம். ஆனால் சேமிப்பு நிரலில் தரவைக் கெடுத்த பெரிய பிழைகளை நெருங்கிப் பார்த்தால் இந்தக் கொள்கை நிற்கவில்லை. அவற்றில் பல எந்த ஒரு வரியிலும் இல்லை. இரண்டு பகுதிகள் ஒன்றையொன்று நம்பி, எதை நம்புகிறோம் என்பதை எங்கும் எழுதாமல் விட்ட இடத்தில் அவை உருவாயின. அந்த எழுதாத விதியைக் கண்டுபிடித்து, இனி யாரும் அறியாமல் மீற முடியாத இடத்தில் அதை வைப்பதுதான் திருத்தும் வேலை. பேட்ச் அந்த வேலையின் ஒரு பகுதி மட்டுமே, பல நேரங்களில் அதன் முதல் பகுதி.

முழுவதும் பொதுவெளியில் இருக்கும் ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச் 7 அன்று மாக்ஸ் கெல்லர்மான் வெளிப்படுத்திய லினக்ஸ் பிழைக்கு 'டர்ட்டி பைப்' என்று பெயர். லினக்ஸில் ஒரு கோப்பைப் படிக்கும்போது வட்டிலிருந்து வரும் தரவு, வழக்கமாக 4 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக நினைவகத்தில் தங்குகிறது. இதுவே பேஜ் கேஷ். அடுத்து யார் அந்தக் கோப்பைத் திறந்தாலும் கெர்னல் வட்டுக்குப் போகாமல் இந்தப் பக்கத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கும். பைப் என்பது ஒரு நிரல் எழுதுவதை இன்னொரு நிரல் படிப்பதற்கான வாய்க்கால். உள்ளே அது சில இடங்களைக் கொண்ட ஒரு வளையம், ஒவ்வோர் இடமும் ஒரு நினைவகப் பக்கத்தைச் சுட்டும். ஸ்ப்ளைஸ் என்ற சிஸ்டம் கால், கோப்பிலுள்ள தரவை நகலெடுக்காமலே பைப்புக்குள் அனுப்புகிறது. பேஜ் கேஷில் இருக்கும் அதே பக்கத்தைப் பைப்பின் ஓர் இடம் சுட்டும்படி செய்துவிடும், அவ்வளவுதான். மிச்சப்படும் நேரம் கணிசமானது. ஆனால் அந்தக் கணத்திலிருந்து ஒரு விதி தேவைப்படுகிறது. பைப்பில் நேரடியாக எழுதப்பட்ட பக்கம் பைப்புக்கே சொந்தம், அதில் இடம் மீதியிருந்தால் அடுத்த எழுத்தை அதன் வாலிலேயே ஒட்டலாம். ஸ்ப்ளைஸ் கொண்டுவந்த பக்கம் கோப்புக்குச் சொந்தம், அதில் ஒரு பைட்டைக்கூட ஒட்டக் கூடாது. ஒட்டினால், படிக்க மட்டுமே அனுமதி உள்ள ஒருவர் கோப்பை மாற்றியவர் ஆகிவிடுவார்.

பழைய பதிப்புகளில் இந்த விதியைக் காத்தது, ஒவ்வோர் இடத்திலும் எழுதப்படும் செயல் அட்டவணைச் சுட்டி. எந்த அட்டவணையைச் சுட்டுகிறது என்று பார்த்தாலே ஒட்டலாமா கூடாதா என்பது தெரிந்துவிடும். இடம் புதிதாக நிரப்பப்படும் ஒவ்வொரு முறையும் சுட்டியும் புதிதாக எழுதப்பட்டதால் விதி தவறவில்லை. 2020இல் வந்த 5.8 பதிப்பில் ஒரு நல்ல சீரமைப்பு நடந்தது. ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்த அட்டவணைகளை ஒன்றாக்கி, 'ஒட்டலாம்' என்பதை ஃபிளாக்ஸ் என்ற புலத்தில் ஒரு பிட்டாக மாற்றினார்கள். ஆனால் 2016இல், 4.9 பதிப்பில் வந்த இரண்டு ஃபங்ஷன்கள் பைப்பின் இடங்களை நிரப்பும்போது பக்கம், தொடக்கம், நீளம், அட்டவணை ஆகியவற்றை எழுதின, ஃபிளாக்ஸைத் தொடவில்லை. அன்று அந்தப் புலத்தில் ஆபத்தான பிட் எதுவும் இல்லாததால், தொடாமல் விட்டதால் ஒரு தீங்கும் வரவில்லை. 5.8க்குப் பிறகு நிலைமை வேறு. பழைய குடித்தனக்காரர் மாட்டிவிட்டுப் போன பெயர்ப்பலகை அப்படியே தொங்க, அவருக்கு வர வேண்டிய தபாலெல்லாம் புதிதாக வந்தவர் வீட்டில் விழுவதுபோல, முன்பு அந்த இடத்தில் இருந்த பக்கத்தின் 'ஒட்டலாம்' பிட், புதிதாக வந்த கோப்புப் பக்கத்தின் தலையில் விழுந்தது. தாக்க நினைப்பவர் பைப் நிறையும்வரை எழுதி, முழுதும் படித்துக் காலிசெய்து, குறி வைத்த கோப்பிலிருந்து ஒரு பைட்டை ஸ்ப்ளைஸ் செய்து, பிறகு எழுதினால் போதும். எழுத்து நேரே கோப்பின் கேஷ் பக்கத்தில் விழும். கடவுச்சொல் கோப்பானாலும் சரி, ரூட் அதிகாரத்தோடு ஓடும் நிரலானாலும் சரி, படிக்க முடிந்தால் மாற்றவும் முடிந்தது.

குற்றவாளி வரி எது என்று கேட்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று பதில் சொல்லட்டும். 2016இன் வரிகளா? அவை நான்கு ஆண்டுகள் யாருக்கும் கெடுதல் செய்யாமல் ஓடின. 2020இன் வரிகளா? தனியாக எடுத்துப் பார்த்தால் அவற்றில் குறைசொல்ல ஒன்றுமில்லை, முன்பு சிதறிக் கிடந்ததை அவை ஒழுங்காக்கின. இரண்டையும் எழுதியவர்கள் கெர்னலைப் பல ஆண்டுகளாக அறிந்தவர்கள். பார்க்கும் கண்கள் போதிய அளவு இருந்தால் எல்லாப் பிழையும் ஆழமற்றதாகிவிடும் என்று எரிக் ரேமண்ட் 1990களின் இறுதியில் சொன்னதும், அதற்கு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரையே சூட்டியதும் இத்துறையில் எல்லோருக்கும் பாடம். ஆனால் கண் பார்ப்பது பேட்சில் உள்ள வரிகளை. 2020இன் மாற்றத்தைப் பரிசீலித்தவர் முன்னே 2016இன் ஃபங்ஷன்கள் விரிந்திருக்கவில்லை, அவை வேறொரு கோப்பில், வேறொரு அடைவில் இருந்தன. 'இடத்தை நிரப்புகிறவர் எல்லாப் புலங்களையும் எழுத வேண்டும்' என்று எங்காவது எழுதியிருந்தால் அவர் தேடிப் போயிருப்பார். எழுதாத விதியை எத்தனை ஆயிரம் கண்கள் பார்த்தாலும் படிக்க முடியாது.

கண்டுபிடித்த கதையும் கவனக்குறைவுக் கொள்கைக்குச் சாதகமாக இல்லை. கெல்லர்மானிடம் முதல் புகார் வந்தது 2021 ஏப்ரல் இறுதியில். சுருக்கி வைத்த வெப்சர்வர் பதிவுக் கோப்பு ஒன்றில் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை. பிறகு அதேபோல இன்னும் சில. பாழான கோப்புகளை அடுக்கிப் பார்த்தபோது அவை பெரும்பாலும் மாதத்தின் கடைசி நாளுக்கு உரியவை என்பது தெரிந்தது. கெட்டுப்போனவை கடைசி எட்டு பைட்டுகள். அந்த எட்டும் ஸிப் கோப்பின் மைய அட்டவணைத் தலைப்பில் வரும் எட்டு. ஒரு மாதத்துப் பதிவுகளை ஒரே ஸிப்பாகக் கட்டித் தரும் சேவை, நாள்வாரிக் கோப்புகளை ஸ்ப்ளைஸ் மூலம் அனுப்பிவிட்டு, கடைசி நாளுக்குப் பின் அந்தத் தலைப்பை எழுதும். அந்தத் தலைப்புதான் கடைசி நாள் கோப்பின் வாலில் போய் விழுந்திருந்தது. சேவைக்கோ அந்தக் கோப்புகளில் எழுத அனுமதியே இல்லை. கெர்னல்தான் காரணம் என்று 2022 பிப்ரவரி 19 அன்று உறுதியாயிற்று. அதாவது ஏறத்தாழ பத்து மாதங்கள். மறுநாளே பேட்ச் தயார், 23ஆம் தேதி 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகிய பதிப்புகளில் அது வெளிவந்தது. இரண்டு ஃபங்ஷன்களிலும் ஃபிளாக்ஸைப் பூஜ்ஜியமாக்கும் ஆளுக்கொரு வரி. பத்து மாத உழைப்பையும் நான்கு நாள் உழைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் 'இரண்டு வரி வேலை' என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்தப் பிழை நடந்தபோது எதுவும் வெடிக்கவில்லை. கெர்னல் விழவில்லை, எச்சரிக்கை எழுதவில்லை. பக்கம் மாற்றப்பட்டது என்பதே கெர்னலுக்குத் தெரியாததால், அதை வட்டில் எழுத வேண்டும் என்ற குறிப்பும் விழவில்லை. வேறு யாராவது அதே பக்கத்தை மாற்றினால் ஒழியக் கெடுதல் நினைவகத்தோடு நின்றுவிடும், மறுதுவக்கம் செய்தால் தடயமே இருக்காது. 2015இலிருந்து கெர்னலில் இருக்கும் காசான் கருவி, விடுவித்த நினைவகத்தைத் தொடுவதையும் எல்லை தாண்டுவதையும் பிடிப்பதில் கெட்டிக்காரக் கருவி. இங்கே அதற்குப் பிடிக்க ஒன்றுமில்லை. பக்கம் உயிரோடு இருந்தது, எழுத்தும் எல்லைக்குள்தான் விழுந்தது. துவக்கப்படாத நினைவகத்தைத் தேடும் கருவிக்கும் வேலையில்லை, ஏனென்றால் பைப்பின் வளையம் ஒதுக்கப்படும்போதே பூஜ்ஜியமாக்கப்படுகிறது. அங்கிருந்த பிட் ஒரு காலத்தில் முறையாக எழுதப்பட்ட பிட், காலாவதியான பிட். நினைவகத்தின் கணக்கில் எல்லாம் சரி. பக்கம் யாருடையது என்ற கணக்கில்தான் தவறு, அந்தக் கணக்கை எந்தக் கருவிக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நினைவகப் பாதுகாப்புள்ள ரஸ்ட் மொழியில் எழுதினால் போதாதா என்ற ஆட்சேபம் இந்த இடத்தில் வரும், வர வேண்டும். அது வலுவான ஆட்சேபம். மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகம் சார்ந்தவை என்று 2019இல் சொன்னது. புதிய நிரலை நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளில் எழுதத் தொடங்கிய பிறகு, ஆண்ட்ராய்டில் இந்த வகைக் குறைகளின் பங்கு 2019இல் 76 சதவீதமாக இருந்து 2024இல் 24 சதவீதமாகக் குறைந்ததாக கூகுள் கணக்குக் காட்டியது. லினக்ஸ் 6.1 பதிப்பும் 2022 டிசம்பரில் ரஸ்டுக்கு இடம் கொடுத்துவிட்டது. இதையெல்லாம் மறுப்பவர் மறுக்கட்டும், நான் மறுக்கவில்லை. விடுவித்ததைத் தொடுவது, எல்லை தாண்டுவது போன்றவற்றைக் கம்பைலரே தடுத்தால் மனிதர் அதற்காக இரவு விழிக்க வேண்டியதில்லை. ஆனால் டர்ட்டி பைப்பை அதே வடிவில் ரஸ்டில் எழுதிப் பாருங்கள். ஏற்கெனவே துவக்கப்பட்ட ஓர் இடத்தில் நான்கு புலங்களுக்குப் புதிய மதிப்பு கொடுத்து ஐந்தாவதை விட்டுவிட்டால் ரஸ்ட் கம்பைலர் ஒரு வார்த்தை பேசாது, ஏனென்றால் அதன் விதிப்படி அதில் தவறே இல்லை. நல்ல ரஸ்ட் நிரலர் இடத்தை முழு அமைப்பாகவே புதிதாக எழுதியிருப்பார் என்பார்கள். எழுதியிருக்கலாம். அப்போது காப்பாற்றியது, முழுதாக எழுத வேண்டும் என்ற வழக்கம். சி மொழியிலும் அதே வழக்கம் சாத்தியம்.

ரஸ்டின் உண்மையான கொடை வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன், அது என் வாதத்துக்கே துணை. 2024 மே மாதம் சால்ட் லேக் சிட்டியில் லினக்ஸின் சேமிப்பு, கோப்பு முறைமை, நினைவக மேலாண்மைக் குழுவினர் கூடியபோது, கோப்பு முறைமைகளுக்கான ரஸ்ட் இடைமுகம் பற்றி விவாதம் சூடாக நடந்தது. ஒரு கோப்பின் விவரங்களைத் தாங்கும் இன்னோடு என்ற அமைப்பைத் தேடித் தரும் ஃபங்ஷன் ஒன்று, ஏற்கெனவே தயாராக உள்ள இன்னோடையும் திருப்பித் தரலாம், இனிமேல்தான் நிரப்ப வேண்டிய புதியதையும் தரலாம். பெற்றவர் எது வந்தது என்று பார்த்து நடந்துகொள்ள வேண்டும். சி மொழியில் இது பழகியவர்களின் நினைவில் இருக்கும் விதி. ரஸ்டில் அதை வகைகளாகவே எழுதிவிட முனைந்தார்கள். மொழிச் சண்டை என்று வெளியே பேசப்பட்டாலும், அங்கே மேசைமேல் கிடந்தது வேறு கேள்வி: விதியை யார் எழுதுவது, சி பக்கம் மாறும்போது அதை யார் மாற்றி எழுதுவது? மொழி எதுவானாலும் இந்தக் கேள்விக்கு மனிதர்தான் பதில் சொல்ல வேண்டும். விதி இன்னதென்று ஒருவர் முதலில் கண்டறிந்தால்தான் வகையாக எழுதவும் முடியும்.

ஒரே உதாரணத்தில் கொள்கை கட்டுவதாக யாரும் சொல்ல வேண்டாம். சேமிப்பின் இன்னும் கீழ் அடுக்கில் 2018இன் இறுதியில் நடந்தது இதைவிடத் தெளிவான பாடம். 4.19 பதிப்புக்கு மாறிய சிலரின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமைகள் சிதைந்தன. முறையிட்டது ஈஎக்ஸ்டி4 என்பதால் பழியும் அதன்மேலே விழுந்தது. உண்மையில் தவறு, கோப்பு முறைமைக்கும் வட்டு டிரைவருக்கும் இடையிலுள்ள பிளாக் அடுக்கில் இருந்தது. அந்த அடுக்கு சில நேரங்களில் ஒரு கோரிக்கையை வரிசையில் நிறுத்தாமல் நேரே வட்டை இயக்கும் ஸ்கசி டிரைவரிடம் கொடுக்கும். டிரைவர் 'இப்போது முடியாது' என்றால் கோரிக்கை சாதாரண வரிசைக்குத் திரும்பும். வரிசையில் அடுத்தடுத்த கோரிக்கைகளை ஒன்றாக இணைப்பார்கள். ஆனால் மறுத்த டிரைவர், மறுப்பதற்கு முன்பே அந்தக் கோரிக்கைக்கான நினைவகப் பட்டியலைத் தயாரித்துவிட்டிருக்கும். பின்னால் கோரிக்கை இணைந்து பெரிதாகும், பட்டியல் பழைய அளவிலேயே இருக்கும். முதல் துண்டு மட்டும் வட்டுக்குப் போய் வரும், மீதிப் பக்கங்களில் குப்பை.

இதற்கு வந்த முதல் திருத்தம், அப்படித் திரும்பிய கோரிக்கையை இணைக்காதே என்று குறியிட்டது, கூடவே படிப்பது எழுதுவது தவிர்த்த கோரிக்கைகளை நேரே அனுப்புவதையும் தடுத்தது. சிதைவு நின்றது. ஆனால் பிளாக் அடுக்கின் மேலே இயங்கும் டிவைஸ் மேப்பர் எப்போதும் முதலில் நேரே அனுப்பித்தான் முயலும். சில வகைக் கோரிக்கைகளுக்கு அந்த வழி நிரந்தரமாக அடைபட்டதால், எத்தனை முறை முயன்றாலும் முடியாத சுழலில் அது மாட்டிக்கொண்டது. சில நாட்களுக்குள் முதல் திருத்தத்தை எடுத்துவிட்டு இரண்டாவது வைத்தார்கள். ஒருமுறை டிரைவரின் கைக்குப் போய்த் திரும்பிய எந்தக் கோரிக்கையும் இணைப்பே நடக்காத அனுப்புவரிசைக்குத்தான் போகும் என்பது அந்த இரண்டாவது. அதில் வகைக்கு வகை விதிவிலக்குக் கிடையாது. வியப்பு என்னவென்றால், சாதாரணப் பாதையில் இந்த விதி ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. நேர்ப்பாதையைச் சேர்த்தபோது அதை யாரும் கூடவே கொண்டுவரவில்லை. முதல் பேட்ச் அறிகுறியைத் திருத்தியது, இரண்டாவது விதியைத் திருத்தியது, எது நிலைத்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

'வீடு பற்றி எரியும்போது விதி எழுத உட்காருவதா?' என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமான கேள்வி. டர்ட்டி பைப்புக்கு அந்த இரண்டு வரிகளை உடனே வெளியிட்டது முற்றிலும் சரி, தாமதித்திருந்தால் அது குற்றம். என் சண்டை அவசரப் பேட்சோடு இல்லை, அதோடு கோப்பை மூடிவிடும் வழக்கத்தோடு. மூடினால் என்ன ஆகும் என்பதற்கு 'டர்ட்டி கவ்' சாட்சி. படிக்க மட்டுமேயான பக்கத்தில் எழுத வழிவிட்ட அந்தப் பிழை 2016 அக்டோபரில் திருத்தப்பட்டது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் தானே இதைத் திருத்த முயன்றதாகவும், அது சரியாகச் செய்யப்படாமல் பின்னர் எஸ்390 கணினிகளில் எழுந்த சிக்கலால் நீக்கப்பட்டதாகவும் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தத் திருத்தத்தின் குறிப்பிலேயே பதிவு செய்தார். 2016இன் திருத்தமும் முழுமையாக இல்லை. பெரிய பக்கங்களைக் கையாளும் நிரலில் அதே விதி அடுத்த ஆண்டே மீறப்படுவது தெரிந்து 2017இல் இன்னொரு பாதுகாப்புக் குறையாகப் பதிவாயிற்று. ஒரே விதியை மூன்று முறை துரத்த வேண்டியிருந்தது. பேட்ச் வந்த நாளில் பட்டியலில் டிக் போட்டவர்களின் கணக்கில் இது மூன்று தனித்தனிப் பிழைகள், மூன்று தனித்தனிக் கவனக்குறைவுகள்.

கெர்னலின் உள் இடைமுகங்கள் நிலையற்றவை, அப்படியே இருக்கட்டும் என்பது அந்தச் சமூகத்தின் அறிவிக்கப்பட்ட நிலைப்பாடு. மாறிக்கொண்டே இருப்பதற்கு விதி எழுதினால் வேகம் போய்விடும், எழுதிய விதியும் பழசாகி வழிதவறச் செய்யும் என்பார்கள். கடைசி ஆட்சேபமான இதில் பாதி உண்மை. கருத்துரைகளாக எழுதிய விதிகள் பழசாகத்தான் செய்யும், யாரும் அவற்றை நிறைவேற்றிப் பார்ப்பதில்லை. ஆனால் விதியைக் காகிதத்தில்தான் எழுத வேண்டும் என்று யார் சொன்னது? டர்ட்டி பைப்பின் உண்மையான திருத்தம் பரபரப்பெல்லாம் அடங்கிய பிறகு, 2022இலேயே 6.0 பதிப்பில், தலைப்புச் செய்தி எதுவும் இல்லாமல் வந்தது. பைப்பின் இடத்தை நிரப்பும் வேலையை அந்த நிரல் முழுவதிலுமிருந்து திரட்டிச் சில சிறிய ஃபங்ஷன்களுக்குள் கொண்டுவந்தார்கள். அவை புலம்புலமாக எழுதாமல் இடத்தை முழு அமைப்பாகவே ஒரே மூச்சில் எழுதுகின்றன. சி மொழியில் அப்படி எழுதும்போது பெயர் சொல்லாத புலங்கள் தாமாகப் பூஜ்ஜியமாகும், நாளை புதிய புலம் ஒன்றைச் சேர்த்தாலும் அதுவும் சேர்ந்தே பூஜ்ஜியமாகும். விதி நிரலின் வடிவத்திலேயே ஏறிவிட்டது, இனி அதை மறக்க வேண்டுமானால் தனியாக உழைத்துத்தான் மறக்க வேண்டும். வேகம் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு, 2023இல், ஸ்ப்ளைஸின் உள்ளமைப்பையே மாற்றியபோது இந்த ஃபங்ஷன்கள் இருந்த வழித்தடம் முழுவதையும் தூக்கிவிட்டார்கள்.